ருபெல்லா ஐஜிஜி 7, கையில் இரண்டு டோஸ் அட்டை: இந்தக் கர்ப்பிணியை எந்தப் பக்கம் சேர்ப்பது?

வெண்தாள் (கேள்வி):

வணக்கம். கர்ப்பிணிகள் முதன்முதலில் பதிவுக்கு வரும்போது எடுக்கும் ரத்தத்தில் ருபெல்லா (ஜெர்மன் தட்டம்மை) எதிர்ப்புசக்தி பார்ப்பது குறித்து ஒரு பக்க வழிகாட்டி தயாராகிறது. வெளிநோயாளர் பிரிவு, லேப், பிரசவ வார்டு மூன்றும் ஒரே தாளைப் பார்த்து நடக்க வேண்டும். சில இடங்களில் தெளிவு தேவைப்படுகிறது.

பயன்படுத்தும் சோதனைக் கிட்டின்படி ஐஜிஜி (ரத்தத்தில் நீண்ட நாள் நிற்கும் ஆன்டிபாடி, அதாவது நோய் எதிர்ப்புப் புரதம்) 10 ஐயூ/மிலியும் அதற்கு மேலும் இருந்தால் பாசிட்டிவ், 5-க்குக் கீழ் நெகட்டிவ், இடையில் வருவது 'உறுதியில்லை'. ஒன்பது வாரக் கர்ப்பிணி, ஐஜிஜி 7, சிறுவயதில் இரண்டு டோஸ் எம்எம்ஆர் (தட்டம்மை, புட்டாளம்மை, ருபெல்லா மூன்றுக்குமான தடுப்பூசி) போட்ட அட்டை இருக்கிறது. இவருக்கு எதிர்ப்புசக்தி உண்டு என்று எழுதுவதா, இல்லை என்று எழுதுவதா?

அடுத்தது ஐஜிஎம், அதாவது புதுத் தொற்றில் முதலில் தோன்றும் ஆன்டிபாடி. 'டார்ச்' (கருவைப் பாதிக்கும் பல தொற்றுகளுக்கான சோதனைத் தொகுப்பு) என்று ஒரே சொல்லில் எழுதி அனுப்பிவிடுவதால் அதுவும் சேர்ந்தே வருகிறது. காய்ச்சலோ தடிப்போ எதுவும் இல்லாதவருக்கு அது பாசிட்டிவ் என்று வந்தால் அடுத்த படி என்ன?

எதிர்ப்புசக்தி இல்லாதவர் தடிப்பு வந்த குழந்தையோடு பழகிவிட்டால் எந்தெந்த நாளில் ரத்தம் எடுக்க வேண்டும்? பிரசவத்துக்குப் பின் ஊசி போடும்போது ஆன்டி-டி (ஆர்எச் நெகட்டிவ் தாய்க்குப் போடும் ஆன்டிபாடி ஊசி) வாங்கியவர், ரத்தம் ஏற்றப்பட்டவர் ஆகியோருக்கு இடைவெளி விட வேண்டுமா?

சீரமேசை:

லேப் பக்கத்து விஷயங்களை மட்டும் சொல்கிறேன். மற்றதை மகப்பேறு பக்கம் இருப்பவர்கள் சொல்லட்டும்.

முதலில் அந்த 10. அதற்கு ஒரு புள்ளி குறைந்தால் பாதுகாப்பு அறுந்துவிடும் என்று பொருளில்லை. இந்த அளவு இருந்தால் பாதுகாப்பு உண்டென்று நம்பிச் சொல்லலாம் என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட கோடு அது. முன்பு 15 ஆக இருந்ததைத்தான் பின்னர் 10-க்கு இறக்கினார்கள். கோட்டுக்குக் கீழே இருப்பவர்களிலும் பலருக்குப் பாதுகாப்பு உண்டு, குறிப்பாக ஊசியால் எதிர்ப்புசக்தி பெற்றவர்களுக்கு. நோய் வந்து ஆறியவரின் ஐஜிஜி பொதுவாக உயரத்தில் நிற்கும். ஊசி போட்டவருடையது தாழ்வாகத் தொடங்கி ஆண்டுகள் போகப் போக இன்னும் இறங்கும். சுற்றுப்புறத்தில் ருபெல்லாவே இல்லையென்றால் வைரஸைச் சந்தித்து அது மறுபடி ஏறவும் வழியில்லை. ஆனால் நினைவுச் செல்கள் உடலில் இருக்கும், வைரஸ் வந்தால் அவை விழித்துக்கொள்ளும். ஐஜிஜி எண்ணில் அது தெரியாது. ஊசித் திட்டம் நன்றாக நடக்கும் இடங்களில் 'உறுதியில்லை' ரிப்போர்ட் ஆண்டுக்காண்டு கூடி வருவதற்கு இதுதான் காரணம்.

இரண்டாவது, கிட்டுக்குக் கிட்டு எண் மாறும். எல்லாமே உலக சுகாதார நிறுவனத்தின் ஒரே தரமாதிரியை வைத்து அளவு திருத்தப்பட்டவைதான், அலகும் ஒன்றுதான். இருந்தும் ஒரே சீரம் (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர்) ஒரு கருவியில் 7, இன்னொன்றில் 14 என்று வருவதில் வியப்பில்லை. ஒரு கிட்டில் முழு வைரஸின் சாறு பூசப்பட்டிருக்கும், இன்னொன்றில் இ1 என்ற மேற்புறப் புரதம் மட்டும் இருக்கும். ஒவ்வொன்றும் பிடிக்கும் ஆன்டிபாடிக் கலவை வேறு. ஆகவே 'போன கர்ப்பத்தில் 18, இப்போது 8, இறங்கிவிட்டது' என்று முடிவுகட்டும் முன் இரண்டும் ஒரே கிட்டா என்று பாருங்கள். ரிப்போர்ட்டில் எண்ணுக்குப் பக்கத்தில் கிட்டின் பெயரையும் அச்சிடச் சொல்லுங்கள்.

'உறுதியில்லை' வந்தால் அதே சீரத்தை வேறு வகைக் கிட்டில் ஒருமுறை ஓட்டுவது நல்லது. அதே கிட்டில் மறுபடி ஓட்டினால் அதே 7-தான் வரும், செலவு மட்டும் மிச்சம். அதற்கு முன் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். கடந்த சில மாதங்களில் ரத்தமோ இம்யூனோகுளோபுலினோ (பிறர் ரத்தத்திலிருந்து பிரித்த ஆன்டிபாடி மருந்து) ஏற்றப்பட்டதா? ஏற்றியிருந்தால் பிறருடைய ஐஜிஜியைத்தான் அளந்துகொண்டிருப்போம். முடிக்கும் நகத்துக்கும் என்று பயோட்டின் மாத்திரை அதிக அளவில் எடுக்கிறாரா? ஸ்ட்ரெப்டாவிடின்-பயோட்டின் பிணைப்பை வைத்து இயங்கும் சாண்ட்விச் முறைக் கிட்டுகளில் அது எண்ணைப் பொய்யாக இறக்கிவிடும்.

ஐஜிஎம் விஷயத்தில் என் கருத்து கடுமையானது: அறிகுறியும் தொடர்பும் இல்லாதவருக்கு அதை அனுப்பவே கூடாது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். சோதனையின் துல்லியம் 98 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம், அதாவது நோயில்லாத 100 பேரில் 98 பேருக்குச் சரியாக நெகட்டிவ் சொல்லும். 10,000 கர்ப்பிணிகளுக்குச் செய்தால் 200 பேருக்குப் பொய்யான பாசிட்டிவ் வரும். நோய் அரிதான காலத்தில் அந்த 10,000 பேரில் உண்மையான புதுத் தொற்று ஒன்று இருந்தாலே அதிகம். அந்த ஒருவரைத் தேடி 200 குடும்பங்களைத் தூங்கவிடாமல் செய்கிறோம். ருமட்டாய்டு ஃபேக்டர் (மூட்டுவாதத்தில் காணும் ஆன்டிபாடி), பார்வோவைரஸ் பி19, எப்ஸ்டீன்-பார் வைரஸ் என்று குறுக்கே புகுந்து பாசிட்டிவ் காட்டுபவை பல. சிலருக்கு ஊசிக்குப் பின்னோ பழைய நோய்க்குப் பின்னோ ஐஜிஎம் மாதக்கணக்கில், அபூர்வமாக அதற்கு மேலும் ஒட்டிக்கொண்டே இருக்கும்.

விண்ணப்பத் தாளில் 'டார்ச்' என்ற கட்டத்தையே எடுத்துவிட்டு 'ருபெல்லா ஐஜிஜி' என்று தனிக் கட்டம் வையுங்கள். நீங்கள் கேட்ட நான்கில் இது ஒன்றுதான் ஒரே நாளில் தீரக்கூடியது.

தப்பித்தவறி ஐஜிஎம் பாசிட்டிவ் வந்துவிட்டால் அதே சீரத்தின் ஐஜிஜியைப் பாருங்கள். பழைய சீரம் சேமிப்பில் இருந்தால் அதை எடுத்து இன்றையதோடு ஒரே ஓட்டத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓட்டுங்கள். பழையதிலேயே ஐஜிஜி இருந்து, அளவும் மாறவில்லையென்றால் பெரும்பாலும் கவலை தீர்ந்தது. இல்லையென்றால் வேறு கிட்டில் ஐஜிஎம், ஐஜிஜி அவிடிட்டி, 2 முதல் 3 வாரம் கழித்து இரண்டாவது ரத்தம். அவிடிட்டி என்பது ஆன்டிபாடி எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறது என்ற அளவு. புதுத் தொற்றில் பிடி தளர்வாக இருக்கும், சுமார் 3 மாதத்தில் இறுகும். 9 வாரக் கர்ப்பிணிக்கு அவிடிட்டி உயர்வாக இருந்தால் தொற்று கருத்தரிப்புக்கு முந்தையது என்று துணிந்து சொல்லலாம்.

இதில் ஒரு பொறி உண்டு. ஊசியால் வந்த ஆன்டிபாடியின் பிடி மெதுவாகத்தான் இறுகும். ஐஜிஜி அளவே தாழ்வாக இருக்கும்போது அவிடிட்டி எண்ணை நம்பவும் முடியாது. உங்கள் '7' கர்ப்பிணிக்கு யாராவது அவிடிட்டி செய்து 'தாழ்வு' என்று எழுதிக் கொடுத்தால் அதைப் புதுத் தொற்று என்று படித்துவிடாதீர்கள்.

ஒற்றை ஐஜிஎம் ரிப்போர்ட்டை வைத்துக் கருவைக் கலைப்பது பற்றி யாரும் பேசவே கூடாது. இதை வழிகாட்டியில் தனி வரியாக, தடித்த எழுத்தில் போடுங்கள்.

பேறுகாலம்:

சீரமேசை சொன்ன 'பழைய சீரம்' பற்றி ஒன்று சேர்க்கிறேன். பதிவு நாளில் எடுத்த சீரத்தில் ஒரு சிறு பங்கை மைனஸ் 20 டிகிரியில் உறையவைத்து, பெயர், எண், தேதியோடு குறைந்தது 2 ஆண்டு வைத்திருங்கள். பின்னால் தடிப்பு வந்தாலும், குழந்தை குறையோடு பிறந்தாலும் திரும்பிப் பார்க்க அது ஒன்றுதான் கையில் இருக்கும்.

'சின்ன வயதில் ஜெர்மன் தட்டம்மை வந்திருக்கிறது' என்று கர்ப்பிணியோ அவர் அம்மாவோ சொல்வதைச் சான்றாக எடுக்காதீர்கள். பார்வோவைரஸ், ஹெர்பிஸ்-6 எல்லாமே அதே போன்ற தடிப்பைத் தரும். ருபெல்லா வந்தவர்களிலோ பாதிப்பேர் வரை அறிகுறியே இல்லாமல் கடந்துவிடுவார்கள். ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் நார்மன் கிரெக் 1941-இல் பிறவிக் கண்புரையோடு வந்த 78 குழந்தைகளைப் பற்றி எழுதியபோது, அம்மாக்களில் பெரும்பாலோர் கர்ப்பத்தின் தொடக்கத்தில் தடிப்பு வந்து போனதாகத்தான் சொல்லியிருந்தார்கள். கருவை அவ்வளவு சிதைக்கும் நோய் தாயை அவ்வளவு லேசாகத் தொட்டுப் போகிறது. அட்டையும் லேப் ரிப்போர்ட்டும் மட்டும்தான் சான்று.

தொடர்பு ஏற்பட்டால்: ஒரே அறையில் 15 நிமிடமோ அதற்கு மேலோ, அல்லது முகத்துக்கு முகம் பேசியிருந்தால் தொடர்பு என்று எடுத்துக்கொள்ளுங்கள். தடிப்பு தோன்றுவதற்கு 7 நாள் முன்பிருந்து தோன்றிய பின் 7 நாள் வரை அந்தக் குழந்தை தொற்றைப் பரப்பும். எனவே 'பார்த்தபோது தடிப்பு இல்லையே' என்பது ஆறுதலாகாது. முதலில் அந்தக் குழந்தைக்குச் சோதனை செய்ய முயலுங்கள். குழந்தைக்கு ருபெல்லா இல்லையென்று உறுதியானால் கர்ப்பிணியின் ருபெல்லாக் கவலை ஒரே நாளில் தீர்கிறது.

கர்ப்பிணிக்கு இரண்டு டோஸ் சான்றோ, முன்பு தெளிவான ஐஜிஜி பாசிட்டிவோ இருந்தால் தைரியம் சொல்லி அனுப்பலாம். தடிப்பு வந்தால் உடனே தொலைபேசியில் சொல்லும்படி மட்டும் எழுதிக் கொடுங்கள். அப்படி வந்தால் பொதுக் காத்திருப்பு அறையில் உட்கார வைக்காதீர்கள், அங்கிருப்பவர்கள் எல்லோரும் கர்ப்பிணிகள்.

சான்று இல்லாதவருக்கு அன்றே ஐஜிஜி, ஐஜிஎம் இரண்டும். தொடர்பு ஏற்பட்டு 10 நாளுக்குள் எடுத்த ரத்தத்தில் ஐஜிஜி இருந்தால் அது பழைய எதிர்ப்புசக்தி, ஏனென்றால் புதிதாக உருவாக அவ்வளவு நாள் போதாது. இரண்டும் நெகட்டிவ் என்றால் 2 முதல் 3 வாரத்தில் ஒன்று, 6 வாரத்தில் இன்னொன்று. சில இடங்களில் ஒரு மாதத்தில் ஒரே மறுசோதனையோடு முடிப்பதும் உண்டு. எதை வைத்தாலும் முதல் சீரத்தைச் சேமித்து, இரண்டாவதோடு ஒரே ஓட்டத்தில் ஓட்ட வேண்டும். தடிப்பு வரவில்லை என்பதற்காக இரண்டாவது ரத்தத்தை விட்டுவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் பிழை. தடிப்பு வந்த முதல் நாளே எடுத்த ஐஜிஎம் நெகட்டிவ் என்றால் அதையும் நம்பாதீர்கள். அது தெளிவாகத் தெரிய 5 நாள் வரை ஆகும், அதற்குள் எடுத்தது நெகட்டிவ் என்றால் 5 நாள் கழிந்தபின் மறுபடி எடுக்க வேண்டும். தொண்டைத் துடைப்பில் ஆர்டி-பிசிஆர் அந்த நாட்களில் உதவும்.

அதே ரத்தத்தில் பார்வோவைரஸ் பி19-உம் தட்டம்மையும் பாருங்கள். தடிப்பு என்றாலே ருபெல்லா என்று ஒன்றையே துரத்தி, கருவுக்குக் கடும் ரத்தசோகை தரும் பி19-ஐக் கோட்டை விடக் கூடாது.

உறுதியான தொற்று என்றால் வாரம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. 11 வாரத்துக்குள் என்றால் குழந்தைக்குப் பாதிப்பு வரும் வாய்ப்பு 90 சதவீதம் வரை: கண்புரை, இதயத்தில் மூடாத தமனி நாளம், நுரையீரல் தமனிச் சுருக்கம், காது கேளாமை, சிறிய தலை. 11 முதல் 16 வாரத்தில் அது சுமார் 20 சதவீதத்துக்கு இறங்கும், பெரும்பாலும் காது. 16 முதல் 20 வரை மிகக் குறைவு, காது மட்டும். 20-க்கு மேல் கூடுதல் ஆபத்து தெரியவில்லை. அதனால்தான் கர்ப்ப வாரத்தை ஸ்கேனில் சரிபார்க்காமல் யாருக்கும் சதவீதம் சொல்லாதீர்கள். 10 வாரத்துக்கும் 13 வாரத்துக்கும் நடுவே ஒரு பெற்றோரின் முடிவே மாறிவிடும்.

தொடர்புக்குப் பின் ஊசி போட்டாலும் தொற்றைத் தடுக்காது, கர்ப்பத்தில் போடவும் கூடாது. இம்யூனோகுளோபுலின் கொடுத்தால் தடிப்பை அமுக்கலாம், ஆனால் வைரஸ் கருவை அடைவதைத் தடுக்கும் என்று நம்ப முடியாது. அதை வாங்கிய தாய்மாருக்கும் பாதிப்போடு குழந்தைகள் பிறந்திருக்கின்றன. கொடுத்தபின் ஐஜிஜி சோதனையும் குழம்பிவிடும்.

குளிர்ப்பெட்டி:

ஊசிப் பக்கம். '7, இரண்டு டோஸ் அட்டை' கேள்விக்கு இரண்டு நடைமுறைகள் உண்டு. பிரிட்டன் வழி: இரண்டு டோஸ் சான்று இருந்தால் எண் எதுவாக இருந்தாலும் போதும், மேற்கொண்டு ஊசி வேண்டாம். அமெரிக்க வழி: ஐஜிஜி தெளிவான பாசிட்டிவாக இல்லாவிட்டால் பிரசவத்துக்குப் பின் இன்னொரு டோஸ், மொத்தம் மூன்றைத் தாண்டாமல், அதற்குப் பின் சோதிக்கவே வேண்டாம். இரண்டுமே அட்டையை எண்ணுக்கு மேலே வைக்கின்றன. உங்கள் தாளில் ஒன்றைத் தேர்ந்து எழுதுங்கள். வார்டில் ஒருவர் இப்படியும் இன்னொருவர் அப்படியும் சொன்னால் தாய் யாரையும் நம்பமாட்டார். இந்தக் கர்ப்பிணியின் ரிப்போர்ட்டில் 'எதிர்ப்புசக்தி இல்லை' என்று மட்டும் எழுதாதீர்கள். ஒன்பதாவது வாரத்தில் அந்தச் சொல்லைப் படித்துவிட்டு மீதி மாதங்களைப் பயந்தே கழிப்பார்.

அட்டை இல்லாமல் 10-க்குக் கீழ் இருப்பவருக்குப் பிரசவம் முடிந்து வீட்டுக்குப் போகும் முன் ஒரு டோஸ், அடுத்த டோஸ் குறைந்தது 4 வாரம் கழித்து.

போடும் முறை எளிது, கெடுப்பதும் எளிது. உறையுலர் பொடி. அதற்கென்று வரும் கரைப்பானில் மட்டும் கரைக்க வேண்டும், வேறு ஊசியின் கரைப்பானில் கூடாது. 0.5 மிலி, மேற்கையில் தோலுக்கடியில். உயிருள்ள வைரஸ் என்பதால் வெளிச்சமும் சூடும் ஆகாது, 2 முதல் 8 டிகிரியில் இருட்டில் இருக்கட்டும். தோலைத் துடைத்த ஸ்பிரிட் காய்ந்தபின் குத்துங்கள். காலையில் கரைத்துவைத்துவிட்டு டிஸ்சார்ஜ் ஆகும் மாலைவரை மேசையில் வைத்திருந்தால் போடுவது வெறும் நீர்தான். பல டோஸ் குப்பியென்றால் கரைத்த 6 மணி நேரத்தில் மீதியைக் கொட்டிவிட வேண்டும்.

ஆன்டி-டி: தடையில்லை. இரண்டையும் ஒரே நாளில் வேறு வேறு இடத்தில் போடலாம். அதில் உள்ள ஐஜிஜி மிகக் குறைவு, ஊசியின் வேலையைக் கெடுப்பதாகத் தெரியவில்லை. முழு ரத்தமோ பிளாஸ்மாவோ ஏற்றியவருக்கும் ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள், வீட்டுக்குப் போனவர் திரும்பி வருவது நிச்சயமில்லை. போட்டுவிட்டு 3 மாதம் கழித்து ஐஜிஜி பார்த்து, இல்லையென்றால் மறுபடி போடுங்கள். 6 முதல் 8 வாரத்தில் பார்க்கும் வழக்கமும் உண்டு, ஆனால் ஏற்றிய ரத்தத்தின் ஐஜிஜியே அப்போது எஞ்சியிருந்து ஏமாற்றக்கூடும்.

தாய்ப்பால் தடையில்லை. ஊசி வைரஸ் பாலில் வரலாம், குழந்தைக்குத் தீங்கில்லை. சின்னம்மை ஊசியும் தேவையென்றால் அதே நாளில், தவறினால் 4 வாரம் கழித்து. எச்ஐவி உள்ளவர்களில் சிடி4 (எதிர்ப்புசக்தி தரும் ஒரு வகை வெள்ளணு) எண்ணிக்கை 200-க்குக் கீழ் இருந்தால் போடக் கூடாது. வயதுவந்த பெண்களில் நால்வரில் ஒருவருக்கு 1 முதல் 3 வாரத்தில் விரல், மணிக்கட்டு, முழங்கால் வலி வரலாம், தானாகப் போய்விடும். முன்கூட்டிச் சொல்லாவிட்டால் அவர் அதைப் பிரசவக் கோளாறு என்று நினைத்து அலைவார்.

ஊசிக்குப் பின் ஒரு மாதம் கருத்தரிக்க வேண்டாம். தெரியாமல் கர்ப்பத்தில் போட்டுவிட்டாலும் கலைக்கக் காரணமில்லை. அமெரிக்காவில் 1971 முதல் 1989 வரை அப்படிப்பட்டவர்களைப் பதிவேட்டில் வைத்துத் தொடர்ந்தார்கள், பிறவி ருபெல்லாக் குறைபாடு ஒரு குழந்தைக்கும் வரவில்லை. அதேபோல் வீட்டில் கர்ப்பிணி இருக்கிறார் என்று மூத்த குழந்தையின் எம்எம்ஆரைத் தள்ளிவைப்பதும் தலைகீழான வேலை. ஊசி போட்ட குழந்தையிடமிருந்து கர்ப்பிணிக்குத் தொற்றாது, ஊசி போடாத குழந்தைதான் நோயை வீட்டுக்குக் கொண்டுவரும்.

வெண்தாள்:

மூவருக்கும் நன்றி. பல வரிகளை அப்படியே தாளில் சேர்க்கிறேன். ஒரு அடிப்படைக் கேள்வி எழுகிறது. கர்ப்பத்தில் ஊசி போட முடியாது, தொடர்புக்குப் பின் மருந்தும் இல்லை. பிரிட்டனில் இந்தச் சோதனையையே நிறுத்திவிட்டார்கள் என்கிறார்களே, அப்படியானால் தொடர்வதில் பொருள் உண்டா?

பேறுகாலம்:

இங்கிலாந்தில் 2016 ஏப்ரல் 1 முதல் நிறுத்தினார்கள், உண்மை. அங்கே ருபெல்லா அரிதாகிவிட்டது. குழந்தைகளுக்கான எம்எம்ஆர் பரவலாகப் போய்ச் சேர்ந்திருந்தது. 'உறுதியில்லை' ரிப்போர்ட்டுகள் தேவையில்லாத பயத்தைக் கிளப்பின. ஊசியை நிறுத்தவில்லை என்பதைக் கவனியுங்கள். சோதனையை விட்டுவிட்டு, எம்எம்ஆர் அட்டையைக் கேட்கும் வழிக்கு மாறினார்கள். அட்டையே இல்லாத பெண்கள் நிறைய வரும் இடத்திலும், வைரஸ் இன்னும் சுற்றும் இடத்திலும் அந்த வாதம் பொருந்தாது.

நிகழும் கர்ப்பத்தை இந்தச் சோதனை காப்பாற்றாது என்பது சரி. தடிப்பு வந்தால் ஒப்பிட ஒரு தொடக்க எண்ணைத் தருகிறது, அடுத்த கர்ப்பத்தைக் காக்கப் பிரசவத்தன்று ஊசி போட வேண்டியவர் யார் என்று காட்டுகிறது. நெகட்டிவ் என்று கண்டுபிடித்துவிட்டு ஊசி போடாமல் அனுப்பினால் இரண்டில் பெரிய பயன் போய்விடுகிறது. அதே பெண் அடுத்த கர்ப்பத்தில் அதே நெகட்டிவோடு வந்து நிற்பார்.

கருத்தரிக்கத் திட்டமிட்டு வருபவர்களை இதில் மறக்காதீர்கள். அவர்களிடம் அட்டை இல்லையென்றால் சோதனைக்குக்கூடக் காத்திருக்க வேண்டாம். கர்ப்பமில்லை என்று கேட்டு உறுதிசெய்துகொண்டு ஊசியே போடலாம், ஏற்கெனவே எதிர்ப்புசக்தி இருந்தாலும் கெடுதல் இல்லை.

சீரமேசை:

ஊசி தவறும் இடம் எப்போதும் ஒன்றுதான்: ஆறு மாதம் முன்பு வந்த ரிப்போர்ட், கர்ப்பிணியின் அட்டையில் உள்பக்கத்தில், மற்ற இருபது எண்களோடு கிடக்கும். பிரசவ வார்டில் அதைத் திறந்து பார்க்க யாருக்கும் நேரமிருக்காது. ரிப்போர்ட் நெகட்டிவ் என்றால் லேப்பிலிருந்தே 'பிரசவத்துக்குப் பின் எம்எம்ஆர்' என்ற முத்திரையோடு அனுப்பலாம்.

குளிர்ப்பெட்டி:

முத்திரையை அட்டையின் முன்பக்கத்திலேயே குத்துங்கள். டிஸ்சார்ஜ் தாளில் ஆன்டி-டி கட்டத்துக்கு அடுத்து எம்எம்ஆருக்கு ஒரு கட்டம்: போட்டாயிற்று / மறுத்தார் / தேவையில்லை, தேதி, குப்பியின் தொகுதி எண், கையெழுத்து. அந்தக் கட்டம் காலியாக இருந்தால் டிஸ்சார்ஜ் தாளில் கையெழுத்திடக் கூடாது என்று விதி வையுங்கள். வார்டின் குளிர்ப்பெட்டியிலேயே குப்பியும் கரைப்பானும் இருக்கட்டும், ஊசிக்காக வேறு கட்டடத்துக்கு அனுப்பினால் கையில் குழந்தையோடு இருப்பவர் நேரே வீட்டுக்குத்தான் போவார். கருச்சிதைவாகிப் போகிறவர்களின் டிஸ்சார்ஜ் தாளிலும் அதே கட்டம் வேண்டும், அவர்களைத்தான் எல்லாத் திட்டங்களும் மறந்துவிடுகின்றன. இரண்டாவது டோஸுக்குத் தனி நாள் குறிக்காதீர்கள். குழந்தைக்கு 6 வார ஊசி போட வரும் அன்றே தாய்க்கும் போட்டுவிடலாம்.